கிலோவுக்கு ஒன்பது ஸ்லோட்டி

தவக்காலத்தின் முதல் திங்கள்.
இருட்டு விலகுமுன்பே சந்தை கூடிவிட்டது.
வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத ஆட்கள்
குதிரைகளின் பின்தொடையில் உள்ளங்கையால் தட்டி
எடை சொல்கிறார்கள்.
ஐந்நூற்று எண்பது. அறுநூறு.
தட்டிய இடத்தில் பனி உதிர்கிறது.

என் உள்பையில் ஆறாயிரம் ஸ்லோட்டி.
ஒரு பல்மருத்துவர் அனுப்பியது,
கேக் சுட்டு விற்ற பள்ளிப் பிள்ளைகள் அனுப்பியது,
பெயர் சொல்லாத ஒருவர்
மாதம் தவறாமல் போடும் இருபது.
ஒரு குதிரைக்குக் காணும்.
இரண்டுக்குக் காணாது.

ஒரே கம்பியில் இரண்டு நின்றன.
கிழட்டுப் பெட்டை, செம்பழுப்பு.
வண்டிவார் தேய்த்துத் தேய்த்து
மயிர் முளைக்க மறந்த பட்டையொன்று மார்பில்.
பக்கத்தில் இரண்டு வயது ஆண்,
அவள் கழுத்தடியில் தலையைச் செருகிக்
குளிருக்கு ஒண்டியபடி.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
காசு கொடுக்கும் குதிரையையும் நான் பார்ப்பதில்லை.
பார்த்தால் வயது தெரியும்.
வயது தெரிந்தால் மனம் கணக்குப் போடும்.

லாரிக்காரன் கிலோவுக்கு ஒன்பது என்றான்.
நான் பத்து என்றேன்.
பெட்டைக்கு மட்டும்.

வின்சென்டி நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார்.
எச்சில் தொட்டு, குளிரில் சிவந்த விரல்களால்.
கயிற்றை என் கையில் போட்டவர்
போகாமல் நின்றார்.
"மால்வா" என்றார்.
"இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும்."
பிறகு, யாரோ அடித்துவிட்டதைப்போல,
முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

குட்டி ஏறிய லாரியில் சரிவுப்பலகை கிடையாது.
வாலை முறுக்கினார்கள்.
கம்பு இருந்தது.
முன்னங்கால் இரண்டு தடவை வழுக்கியது,
மூன்றாவதை நான் பார்க்கவில்லை.
எங்கள் டிரெய்லருக்குள்ளிருந்து
மால்வா ஒரே ஒருமுறை கனைத்தாள்.

"உன் காசில் அந்த ஆள்
அடுத்த வாரம் இன்னொன்றை வாங்கி விற்பான்,"
வண்டியை எடுத்துக்கொண்டே ரோமுவால்ட் சொன்னான்.
தெரியும் என்றேன்.
"தெரிந்துமா?"
தெரிந்துதான்.
அதன்பின் அறுபது கிலோமீட்டர்
வைப்பர் மட்டும் பேசியது.

ஏப்ரலில் ஒரு நாள்
அவிழ்ந்த கூந்தலை முடியக் கையைத் தூக்கினேன்.
லாயத்தின் கடைசி மூலையில் போய் ஒட்டிக்கொண்டாள்,
விலாவெல்லாம் நடுங்க.
அன்றிலிருந்து தொப்பியை வெளியிலேயே மாட்டுகிறோம்.
விளக்கு சுவிட்சை இடுப்புயரத்துக்கு இறக்கிவிட்டோம்.
மேல்தட்டில் இருந்த வாளியெல்லாம்
இப்போது தரையில்.
அவளருகில் தோளுக்கு மேல்
எங்களுக்குக் கைகள் இல்லை.

ஜூனில் ஊராட்சி மன்றக் கூட்டம்.
பதினோரு பக்க மனு, படங்களோடு.
படங்களைத் தலைவர் கவிழ்த்து வைத்தார்.
ஒருவர் கேட்டார்:
"தாத்தா காலத்திலிருந்து நடக்கும் சந்தை,
குதிரை வந்து உன்னிடம் புகார் சொன்னதா, அம்மா?"
சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, கோபத்தில்.
ஆமாம், ஒருமுறை கனைத்தது என்றேன்.

"ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்."

குடிநீர்த் தொட்டிக்கு ஒன்பது கைகள்.
பதினைந்தில் ஒன்பது. நிறைவேறியது.
காயம்பட்டதை விற்கத் தடைக்கு நான்கு.
சரிவுப்பலகைக்கு ஏழு.
ஏழாவது கை மெதுவாக, பாதிவரை வந்து,
பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு, உயர்ந்தது.
மோதிரம் போட்ட கை, மண் அப்பிய கை,
ஸ்வெட்டர் நூல் பிரிந்த கை.
உயர்ந்த கைகளை
அன்றுதான் நான் பயமில்லாமல் பார்த்தேன்.

இரவு லாயத்துக்குப் போனேன்.
தரையோடு தரையாகக் கையைக் கொண்டுபோய்
இடது காதுக்குப் பின்னால் சொறிந்தேன்.
மால்வா கண்ணை மூடினாள்.
அக்டோபரில் மறுபடியும் கூட்டம்.
ஒரு கை குறைகிறது.